கணினி, மடிக்கணினி பழுதுபார்க்க ஏற்ற கருவிப்பெட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கணினியைத் தாமே திறந்து பழுதுபார்க்கத் தொடங்குபவர்களில் பலர் முதலில் வாங்குவது நூற்றுக்கும் மேற்பட்ட உருப்படிகள் அடங்கிய ஒரு பெரிய கருவிப்பெட்டியைத்தான். எண்ணிக்கை கூடினால் எந்த வேலைக்கும் கைகொடுக்கும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால், அந்தப் பெட்டியிலுள்ள பிட்டுகளில், அதாவது கைப்பிடியில் மாற்றி மாற்றிப் பொருத்தும் ஸ்க்ரூடிரைவர் முனைகளில், கணினி, மடிக்கணினி வேலைக்கு உண்மையில் தேவைப்படுபவை பத்துப் பன்னிரண்டுக்கு மேல் போகாது. எஞ்சியவை கைக்கடிகாரம், விளையாட்டுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றுக்கு உரியவை. தேவைப்படும் அந்தப் பன்னிரண்டு பிட்டுகளும் நல்ல எஃகில், துல்லியமான அளவில் செய்யப்பட்டிருக்கின்றனவா என்பதைப் பொறுத்தே ஒரு பெட்டியின் தரம் அமைகிறது. எதை முதலில் வாங்குவது, எதில் சிக்கனம் பார்க்கக் கூடாது, எதைத் தள்ளிப்போடலாம், எதை வாங்கவே வேண்டியதில்லை என்பவற்றை அந்த நோக்கில் கீழே வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் படி: இயந்திரத்தைப் பாருங்கள்

கருவிகளைத் தேடுவதற்கு முன்பு, நீங்கள் திறக்கப்போகும் இயந்திரம் எது, அதில் செய்யப்போகும் வேலை என்ன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரேம் சேர்ப்பது, எஸ்எஸ்டி மாற்றுவது, விசிறியில் படிந்த தூசியை நீக்குவது, ப்ராசசரின் சூட்டை ஹீட்சிங்க் எனப்படும் உலோகத் தகடுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதுப்பிப்பது, பேட்டரி அல்லது கீபோர்டை மாற்றுவது ஆகியவையே புதியவர்கள் செய்யும் வேலைகளில் பெரும்பகுதி. இவை எதற்கும் சாலிடரிங் தேவையில்லை. நல்ல ஸ்க்ரூடிரைவரும் மூடியைத் திறக்கும் பிளாஸ்டிக் கருவிகளும் இருந்தாலே போதும்.

அடுத்து, உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுங்கள். டெல், எச்பி, லெனோவோ ஆகிய நிறுவனங்கள் தங்கள் மடிக்கணினிகளில் பலவற்றுக்கு, எந்தத் திருகு எங்கே இருக்கிறது, அதன் விட்டமும் நீளமும் என்ன, எந்தப் பாகத்தை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று படத்துடன் விளக்கும் கையேடுகளை இலவசமாகத் தருகின்றன. பழுதுபார்க்கும் வழிகாட்டிகளை வெளியிட 2003-இல் தொடங்கப்பட்ட ஐபிக்ஸிட் நிறுவனத்தின் இலவச வழிகாட்டிகளிலும் ஒவ்வொரு வேலைக்கும் தேவையான கருவிகள் தொடக்கத்திலேயே குறிப்பிடப்பட்டிருக்கும். இந்தக் கையேட்டை அரை மணி நேரம் படித்துவிட்டுக் கருவி வாங்கினால், பயன்படாத பொருளுக்குச் செலவழிப்பது பெருமளவு குறைந்துவிடும்.

பொதுவாக எதிர்ப்படும் திருகுகளை இங்கே சொல்லிவிடலாம். மேசைக் கணினியின் கேபினெட், பவர் சப்ளை, 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் ஆகியவற்றில் 6-32 எனப்படும் அங்குல அளவுத் திருகுகளும், 2.5 அங்குல எஸ்எஸ்டி, டிவிடி டிரைவ் போன்றவற்றில் எம்3 எனப்படும், 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெட்ரிக் திருகுகளும் வருகின்றன. முன்னதன் புரி சற்றே பருமனாகவும் இடைவெளி கூடியதாகவும் இருக்கும். பின்னதன் புரி நெருக்கமாக இருக்கும். எம்3 துளைக்குள் 6-32 திருகை வலுவந்தமாக முறுக்கினால் துளையின் புரி அழிந்துவிடும் என்பதால், கழற்றும்போதே இரண்டையும் தனித்தனியாக வைப்பது அவசியம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு பிஎச் 2 அளவுள்ள பிலிப்ஸ், அதாவது சிலுவை முனை, ஸ்க்ரூடிரைவர் ஒன்றே போதும். பிஎச் எண் குறையக் குறைய முனை சிறியதாகும்; 00 என்பது 0-ஐவிடச் சிறியது. சிறிய எம்3 திருகுகள் சிலவற்றுக்கு மட்டும் பிஎச் 1 பொருந்தும்.

மடிக்கணினியில் எம்2, எம்2.5 ஆகிய சிறிய திருகுகள் இருக்கும். இவற்றுக்கு பிஎச் 0, பிஎச் 00, சில இடங்களில் பிஎச் 1 தேவைப்படும். மதர்போர்டில் நேரடியாகச் செருகும் பட்டை வடிவ எம்.2 வகை எஸ்எஸ்டியைப் (இந்த எம்.2 ஒரு வடிவத்தின் பெயர், திருகளவு அல்ல) பிடித்திருக்கும் ஒற்றைத் திருகும் பெரும்பாலும் எம்2 அளவுதான். மெல்லிய மாடல்கள் சிலவற்றில் ஆறு முனை நட்சத்திர வடிவமுள்ள டோர்க்ஸ் டி5 திருகுகளைக் காணலாம். ஆப்பிளின் மேக்புக் என்றால் கதை வேறு. 2010-இன் பிற்பகுதியில் வெளிவந்த மேக்புக் ஏர், 2012-இல் வந்த ரெட்டினா திரை மேக்புக் புரோ ஆகியவற்றிலிருந்து அடிமூடியில் பென்டலோப் பி5 எனப்படும் ஐந்து இதழ்த் திருகு இடம்பெறுகிறது. அதன் முனையளவு 1.2 மில்லிமீட்டர். உள்ளே டி3, டி5, டி8 போன்ற டோர்க்ஸ் அளவுகள் மாடலுக்கு ஏற்ப வரும். பழைய மேக்புக் புரோ சிலவற்றின் பேட்டரியில் மூன்று கை கொண்ட ட்ரை-விங் திருகு இருக்கும். இதற்கு நேர்மாறாக, பயனரே எளிதாகப் பழுதுபார்க்கும் வகையில் மடிக்கணினி செய்யும் பிரேம்வொர்க் நிறுவனம் தன் மடிக்கணினியுடன் ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவரைத் தருகிறது. அதன் பிட்டின் ஒரு முனை டி5, மறுமுனை பிஎச் 0, கைப்பிடியின் பின்புறம் பிளாஸ்டிக் நெம்பி. ஒரு மடிக்கணினியை முழுவதுமாகப் பிரித்துச் சேர்க்க அவ்வளவே போதும் என்னும்போது, நூற்றுக்கணக்கான உருப்படிகளின் பின்னால் ஓட வேண்டிய காரணமே இல்லை.

இரண்டாம் படி: ஸ்க்ரூடிரைவரில் சிக்கனம் வேண்டாம்

கையில் இருக்கும் தொகை குறைவாக இருந்தால், அதில் பெரும்பங்கை ஸ்க்ரூடிரைவருக்கே ஒதுக்குங்கள். மற்ற கருவிகளில் மலிவானது வந்துவிட்டால் வேலை தாமதமாகும், அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவரின் முனை மோசமாக இருந்தாலோ திருகின் தலையே அழிந்து, அதற்கு மேல் அந்த இயந்திரத்தைத் திறக்க முடியாத நிலை வரும். புதியவர்கள் சந்திக்கும் விபத்துகளில் மிகவும் பொதுவானது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிலிப்ஸ் திருகின் குழியை உற்றுப் பாருங்கள். சிலுவையின் நான்கு கைகளும் செங்குத்தாக இறங்காமல், உள்ளே போகப் போகச் சரிந்து குறுகும். முறுக்கும்போது இந்தச் சரிவு ஸ்க்ரூடிரைவரின் முனையை மேல்நோக்கித் தள்ளுகிறது. முறுக்கு விசை கூடக் கூட இந்த மேல்தள்ளலும் கூடும்; அதை எதிர்த்து நாம் கீழ்நோக்கி அழுத்தாவிட்டால் முனை குழியிலிருந்து எகிறி வெளியே வந்துவிடும். அப்படி எகிறும் ஒவ்வொரு முறையும் குழியின் விளிம்பிலிருந்து சிறிது உலோகத்தைச் சுரண்டிக்கொண்டே வரும். இரண்டு மூன்று முறை இவ்வாறு நடந்தால் சிலுவை வட்டமாகிவிடும். டோர்க்ஸ் திருகின் பக்கச் சுவர்கள் ஏறக்குறைய நேராக இறங்குவதால் அதில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

பெரும்பாலான அழிவுக்குக் காரணம் அளவு தவறுவதுதான். பிஎச் 0 குழிக்குள் பிஎச் 00 முனை தாராளமாக இறங்கும். பொருந்திவிட்டது போலத் தோன்றும். ஆனால் முறுக்கினால் அடியில் மட்டும் பட்டுச் சுழலும். ஆகவே எப்போதும் குழிக்குள் முழுமையாக இறங்கக்கூடிய முனைகளில் மிகப் பெரியது எதுவோ அதையே பயன்படுத்த வேண்டும். முனையை வைத்து, முறுக்காமல், இலேசாக இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அடுத்த பெரிய அளவை எடுங்கள். மடிக்கணினித் திருகுகள் பலவற்றின் புரியில் தளராமல் இருப்பதற்கென்று நீல நிறப் பூச்சு ஒன்று தடவப்பட்டிருக்கும். அந்தத் திருகுகள் முதல் கால் சுற்றுக்கு மிகவும் இறுக்கமாக இருக்கும். அப்போது முறுக்கும் விசையைவிட அழுத்தும் விசை அதிகமாக இருக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் திருகுக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு முறை வழுக்கியதும் கையை எடுத்துவிட்டு, அளவைச் சரிபார்த்த பின்னரே மீண்டும் முயல வேண்டும்.

ஜப்பானில் தயாராகும் சில சாதனங்களில் ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பானியத் தொழில்துறைத் தரத்தில் செய்யப்பட்ட சிலுவைத் திருகுகள் வரும். இவை பிலிப்ஸ் போலவே தோன்றினாலும் குழியின் வளைவில் சிறு வேறுபாடு உண்டு. தலையில் ஒரு சிறு புள்ளி பொறிக்கப்பட்டிருந்தால் அது ஜேஐஎஸ் திருகு என்று கொள்ளலாம். ஜேஐஎஸ் முனைகள் பிலிப்ஸ் திருகிலும் ஓரளவு நன்றாகவே அமர்வதால், பழைய ஜப்பானிய மடிக்கணினிகளைக் கையாள்பவர்கள் அந்த முனைகளில் இரண்டு மூன்றையும் வைத்துக்கொள்வது நல்லது.

இனி, எதைப் பார்த்து வாங்குவது? பிட்டின் மீதோ பெட்டியின் மீதோ எஸ்2 எஃகு என்று குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்2 என்பது அதிர்ச்சியைத் தாங்கும் கருவி எஃகு. மலிவான பெட்டிகளில் பரவலாகக் காணப்படும் குரோம் வனேடியம் எஃகைவிட இதில் செய்த சிறு முனைகள் மழுங்காமல் நெடுநாள் உழைக்கும். ஆனாலும் எஃகின் பெயரை மட்டும் நம்பிவிட வேண்டாம். முனை எவ்வளவு துல்லியமாக வெட்டப்பட்டிருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். ஒரு உருப்பெருக்கியின் கீழ் பிஎச் 00 பிட்டைப் பாருங்கள்: நான்கு கைகளும் ஒரே தடிமனில், விளிம்புகள் கூராக, நுனி நடுவில் அமைந்திருக்க வேண்டும். நுனி ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, விளிம்புகள் உருகி வழிந்தது போல மொழுமொழுவென்று இருந்தாலோ அந்தப் பெட்டி வேண்டாம். பிறகு பிட்டைக் கைப்பிடியில் பொருத்தி ஆட்டிப் பாருங்கள். கைப்பிடியின் துளைக்கும் பிட்டுக்கும் இடையே ஆட்டம் இருந்தால், முனை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் திருகின் மீது நேராக நிற்காது.

பிட்டின் அடித்தண்டு அளவையும் கவனிக்க வேண்டும். நுண்வேலைப் பெட்டிகளில் 4 மில்லிமீட்டர் அறுகோணத் தண்டும், பெரிய ஸ்க்ரூடிரைவர்களில் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர் அறுகோணத் தண்டும் வழக்கத்தில் உள்ளன. இந்த இரண்டு பொது அளவுகளில் ஒன்றாக இருந்தால், ஒரு பிட் மழுங்கியபோது அதை மட்டும் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். வேறு ஏதோ ஒரு தனி அளவில் வரும் பெட்டியில் ஒரு பிட் போனால் அந்த அளவே போய்விடும். கைப்பிடியின் உச்சியில் தனியாகச் சுழலும் தொப்பி இருப்பது அவசியம். அதை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டே விரல்களால் சுழற்ற முடிவதால், மேலே சொன்ன அழுத்தம் இயல்பாகவே கிடைக்கிறது.

மேசைக் கணினிக்கு மட்டும் பிட் வகையைவிட, நீண்ட தண்டுள்ள முழு பிஎச் 2 ஸ்க்ரூடிரைவர் ஒன்றே வசதி. கேபினெட்டின் ஆழத்தில், ஹீட்சிங்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் திருகைக் குட்டையான கைப்பிடியால் எட்ட முடியாது. மதர்போர்டைத் தாங்கும் பித்தளை முட்டுகளைக் கழற்ற 5 மில்லிமீட்டர் அறுகோண நட் டிரைவரும் உதவும்.

முனையில் காந்தம் இருந்தால் எஸ்எஸ்டி கெட்டுவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். எஸ்எஸ்டியும் ரேமும் தகவலைக் காந்தமுறையில் சேமிப்பதில்லை; ஹார்டு டிஸ்க்கையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையிலுள்ள மெல்லிய காந்தம் பாதிப்பதில்லை. மாறாக, கழன்ற திருகு மதர்போர்டுக்கு அடியில் உருண்டு போய் மின்குறுக்கு ஏற்படுத்தும் ஆபத்தை அந்தக் காந்தம் தடுக்கிறது. ஆகவே காந்தமுனை உள்ளதையே வாங்குங்கள். மின்சார ஸ்க்ரூடிரைவரைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. எந்த அளவுக்கு இறுக்கினால் போதும், எப்போது திருகு வழுக்கத் தொடங்குகிறது என்பதை விரல்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். மோட்டார் அந்த உணர்வை மறைத்துவிடும்.

மூன்றாம் படி: மூடியைத் திறக்கும் கருவிகளும் ட்வீசரும்

மடிக்கணினியின் எல்லாத் திருகுகளையும் கழற்றிய பிறகும் அடிமூடி அசையாது. விளிம்பு நெடுக உள்ளே பிளாஸ்டிக் கொக்கிகள் பிடித்திருக்கும். ரப்பர் பாதங்களுக்கு அடியிலும் ஒட்டுத்தாளுக்கு அடியிலும் மறைந்திருக்கும் திருகுகளைக் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பின்னரே நெம்பத் தொடங்க வேண்டும். இதற்கு கிட்டார் மீட்டும் பிக் வடிவில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தகடுகள் ஐந்தாறும், ஸ்பட்ஜர் எனப்படும் நைலான் நெம்பி ஒன்றும் போதும். தகட்டைச் சில மில்லிமீட்டர் மட்டும் நுழைத்து விளிம்போடு நகர்த்திக்கொண்டே போனால், கொக்கிகள் ஒவ்வொன்றாக விடுபடும். ஆழமாக நுழைத்தால் உள்ளே இருக்கும் கேபிளை அறுத்துவிடக்கூடும். பெரிய பெட்டிகளில் வரும் உலோக நெம்பிகள் மூடியில் தழும்பு ஏற்படுத்துவதோடு, பேட்டரியின் அருகே போனால் ஆபத்தும் ஆகும். லித்தியம் பேட்டரியின் உறை மென்மையானது. கூரிய உலோகம் அதைத் துளைத்தால் தீப்பற்றும். உப்பிய பேட்டரியை நெம்பவே கூடாது. அதை அகற்றுவதைப் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

ஸ்பட்ஜரின் உண்மையான பயன் மூடி திறந்த பிறகுதான் தெரியும். கீபோர்டு, டச்பேட் ஆகியவற்றிலிருந்து வரும் பட்டையான ரிப்பன் கேபிள், மதர்போர்டிலுள்ள ஒரு சிறு இணைப்பானுக்குள் செருகப்பட்டிருக்கும். அந்த இணைப்பானின் ஓரத்தில் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு மெல்லிய தாழ் இருப்பதைக் காணலாம். சில மாடல்களில் அதை மேல்நோக்கித் தூக்கித் திறக்க வேண்டும். சிலவற்றில் இரு பக்கங்களையும் பிடித்து வெளியே சிறிதளவு இழுக்க வேண்டும். தாழைத் திறக்காமல் கேபிளை இழுத்தால் இணைப்பான் உடையும். தாழைத் தவறான திசையில் நெம்பினாலும் உடையும். உடைந்த இணைப்பானை மாற்ற மதர்போர்டில் சாலிடரிங் செய்தாக வேண்டும். ஆகவே நெம்பும் முன் தாழ் எந்தப் பக்கம் கீல் கொண்டிருக்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்பட்ஜரின் தட்டையான நுனியால் மெல்லத் தூக்குங்கள். தாழ் விடுபட்ட பிறகு கேபிள் எந்த எதிர்ப்பும் இல்லாமல் வழுகி வர வேண்டும். வைஃபை கார்டின் ஆன்டெனா முனைகளைப் பக்கவாட்டில் இழுக்காமல் நேர் மேலே தூக்க வேண்டும்.

எந்த வேலையானாலும், மூடியைத் திறந்ததும் முதலில் துண்டிக்க வேண்டியது பேட்டரி இணைப்பைத்தான். இதற்கும் நைலான் நெம்பியே ஏற்றது. உலோக ட்வீசர் அருகருகே உள்ள மின்முனைகளை இணைத்துவிடக்கூடும்.

ட்வீசர் இரண்டு வேண்டும்: நேர்முனை ஒன்று, வளைமுனை ஒன்று. நிலைமின்சாரத்தைத் தேக்காத கறுப்புப் பூச்சுள்ளவை விரும்பத்தக்கவை. முனைகள் இரண்டையும் அழுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நுனியில் சரியாகச் சேராமல் இடைவெளி தெரிந்தால் சிறு திருகைப் பிடிக்க அது உதவாது.

நான்காம் படி: நிலைமின்சாரப் பாதுகாப்பு

உடலில் சேரும் நிலைமின்சாரம் வெளியேறுவதை நாம் உணர வேண்டுமானால் அது ஏறத்தாழ 3000 வோல்ட் அளவுக்காவது இருக்க வேண்டும். மின்னணுப் பாகங்களில் சில 100 வோல்ட்டுக்கும் குறைவான வெளியேற்றத்தில்கூடப் பழுதாகக்கூடும். அதாவது, நமக்கு எதுவும் தெரியாமலேயே பாகம் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. ஆகவே ஆன்டி-ஸ்டாட்டிக் மணிக்கட்டுப் பட்டை ஒன்றைப் பெட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல பட்டையின் வயருக்குள் 1 மெகாஓம் மின்தடை ஒன்று இருக்கும். மின்சாரம் எதிலாவது தவறிப் பட்டுவிட்டாலும் உடலின் வழியே அபாயகரமான அளவு மின்னோட்டம் பாயாமல் அது காக்கும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பட்டையின் உட்பகுதிக்கும் கிளிப்புக்கும் இடையே அளந்தால் இந்த மதிப்பு தெரிய வேண்டும். பட்டை தோலில் நேரடியாகப் பட வேண்டும்; கிளிப்பை, தரையிணைப்புள்ள, வண்ணம் பூசப்படாத உலோகத்தில் மாட்ட வேண்டும். வயர் இல்லாத மணிக்கட்டுப் பட்டைகளும் விற்கப்படுகின்றன. மின்னேற்றம் வெளியேறிச் செல்ல ஒரு பாதை வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. வயரே இல்லாதபோது அந்தப் பாதையும் இல்லை. அவற்றை வாங்காதீர்கள்.

சுத்தம் செய்யும் பொருள்கள்

இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரோபைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி, மென்மையான பிரஷ், தரமான தெர்மல் பேஸ்ட் ஒரு குழல் ஆகியவை போதும். உலோகக் கலவையால் ஆன திரவ வகைப் பேஸ்ட் மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தையும் அரிக்கும் என்பதால் அது புதியவர்களுக்கு ஏற்றதல்ல. காற்று அடிக்கும் டப்பாவைப் பயன்படுத்தினால் அதை நிமிர்த்தியே பிடியுங்கள். விசிறியின் இதழ்களை ஒரு குச்சியால் தடுத்துக்கொண்டு காற்றடியுங்கள்.

ஐந்தாம் படி: மல்டிமீட்டர்

கழற்றி மாட்டுவதோடு நிற்காமல், ஏன் ஓடவில்லை என்று கண்டறியவும் விரும்புபவர்களுக்கு ஸ்க்ரூடிரைவருக்கு அடுத்து வேண்டியது மல்டிமீட்டர். விலையுயர்ந்தது தேவையில்லை. நேர்மின்னழுத்தம் (டிசி வோல்ட்), மின்தடை, மின்பாதை அறுபடாமல் இருந்தால் ஒலி எழுப்பும் தொடர்ச்சிச் சோதனை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அளவெல்லையைத் தானே தேர்ந்துகொள்ளும் வகை தொடக்கத்தில் வசதியானது. நம்பத்தகுந்த நிறுவனத்தின் பாதுகாப்புத் தரக்குறியீடு அதன்மேல் இருக்க வேண்டும். அதனுடன் வரும் முனைகள் தடிமனாக இருக்கும் என்பதால், நுண்ணிய முனையுள்ள கம்பிகளைத் தனியே வாங்குவது நல்ல முதலீடு.

அதைக் கொண்டு என்ன செய்யலாம்? மடிக்கணினி உயிர்பெறாதபோது முதலில் அடாப்டரின் முனையை அளந்து, அதன் ஒட்டுத்தாளில் உள்ள மதிப்போடு ஒப்பிடுங்கள். வட்ட முனை அடாப்டர்களில் பலவற்றில் இது 19 அல்லது 19.5 வோல்ட்டாக இருக்கும். யூஎஸ்பி-சி அடாப்டரை இப்படி அளக்க இயலாது. அது எதிலும் இணைக்கப்படாத நிலையில் மின்னழுத்தம் தருவதில்லை. இணைந்ததும் முதலில் 5 வோல்ட் தந்து, மடிக்கணினியுடன் தகவல் பரிமாறிக்கொண்ட பின்னரே, பெரும்பாலும் 20 வோல்ட் வரை உயரும். அதற்கு, கேபிளுக்கு இடையில் செருகும் சிறிய யூஎஸ்பி-சி மீட்டர் வேண்டும். இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இந்த வகைக்கு மாறிவருவதால், அதுவும் பெட்டியில் இடம்பெறத் தகுதியானதே. நேரமும் தேதியும் அடிக்கடி தவறும் மேசைக் கணினியில் சிஆர்2032 பட்டன் செல்லை அளந்து பாருங்கள். புதியதில் 3 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் இருக்கும். பவர் சப்ளையின் 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் கம்பியில் 4.75 முதல் 5.25 வரையும் இருப்பது ஏற்கத்தக்கது. மேசைக் கணினி பவர் சப்ளைகளுக்கான பொதுத் தரமான ஏடிஎக்ஸ் வரையறை இவற்றுக்கு 5 சதவீத ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது.

இந்த அளவீடுகள் எல்லாம் பவர் சப்ளைக்கு வெளியே வரும் கம்பிகளில் மட்டுமே எடுக்க வேண்டியவை. பவர் சப்ளையின் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அதனுள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும். அது உயிரைப் பறிக்கும் அளவு.

ஆறாம் படி: பென்டிரைவும் அடாப்டர்களும்

கருவிப்பெட்டி என்றதும் இரும்புக் கருவிகள் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால், மூடியைத் திறக்கும் முன்பே பழுதைக் கண்டுபிடித்துத் தருவது பல நேரங்களில் பென்டிரைவ்தான். விண்டோஸ் நிறுவுவதற்கு 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ் ஒன்று, நிறுவாமலே இயங்கும் லினக்ஸ் ஒன்று, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒன்று ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். ஹார்டு டிஸ்க் இல்லாமல் லினக்ஸ் பென்டிரைவிலிருந்து கணினி நன்றாக இயங்கினால், மதர்போர்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பழைய டிஸ்க்கிலிருந்து தகவலை எடுக்க, டிஸ்க்கைக் கணினியுடன் இணைக்கும் சாட்டா முறையிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் வேண்டும். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனியாகத் தேவை என்பதால், அதற்குத் தனி மின் அடாப்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எம்.2 எஸ்எஸ்டிக்கான வெளிப்பெட்டியை வாங்கும்போது அது சாட்டா வகையை ஏற்குமா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையை ஏற்குமா, இரண்டையும் ஏற்குமா என்று கவனியுங்கள். வடிவம் ஒன்றாக இருந்தாலும் இவை வெவ்வேறானவை. ஒன்றுக்கான பெட்டி மற்றொன்றைக் கண்டுகொள்ளாது.

இப்போதைக்கு வேண்டாதவை

'கம்ப்யூட்டர் டூல்கிட்' என்ற பெயரில் விற்கப்படும் பழைய பாணிப் பெட்டிகளில், மதர்போர்டின் சாக்கெட்டில் செருகிய சிப்புகளைப் பிடுங்கும் கவ்வியும் பொருத்தும் கருவியும் இன்றும் இடம்பெறுகின்றன. அத்தகைய சிப்புகள் இருந்த காலம் போய்விட்டது. இன்று அவை பெரும்பாலும் நேரடியாகச் சாலிடர் செய்யப்பட்டிருக்கின்றன. அதே பெட்டியில் வரும் மூன்று விரல் கவ்வி மட்டும், கேபினெட்டின் ஆழத்தில் விழுந்த திருகை எடுக்க இன்றும் உதவுகிறது. நெட்வொர்க் கேபிளின் நுனியில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பர் தனியொரு வேலைக்கானது; அந்த வேலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

சாலிடரிங் அயர்னைத் தள்ளிப்போடுங்கள். மடிக்கணினியின் மதர்போர்டு பல அடுக்குச் செம்பு கொண்டது. அது சூட்டை விரைவாக இழுத்துக்கொள்ளும். ஈயமில்லாத சாலிடர் உருக 217 டிகிரி செல்சியஸ் அளவாவது வேண்டும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்த முடியாத மலிவான அயர்னால் இதில் முயன்றால், செம்புத் தடமே பெயர்ந்து வந்துவிடும். கற்க விரும்பினால், வெப்பநிலைக் கட்டுப்பாடுள்ள ஒன்றை வாங்கி, பயனற்ற போர்டுகளில் பல வாரம் பழகிய பிறகு உயிருள்ள மதர்போர்டில் கை வையுங்கள்.

ஏழாம் படி: திருகுகளுக்கு ஓர் ஒழுங்கு

திருகுகளை வைக்கும் முறையையும் கருவிப்பெட்டியின் ஒரு பகுதியாகவே கருதுங்கள். எழுதி அழிக்கக்கூடிய காந்த விரிப்பு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மடிக்கணினியின் அடிப்பக்கத்தை ஒரு அட்டையில் வரைந்து, திருகு இருந்த அதே இடத்தில் அட்டையிலும் குத்தி வையுங்கள். இது வெறும் அடுக்கு முறைக்காகச் சொல்வதல்ல. ஒரே மடிக்கணினியில் 3, 5, 8 மில்லிமீட்டர் என்று வெவ்வேறு நீளத் திருகுகள் இருக்கும். குட்டைத் திருகு இருந்த துளையில் நீளமானதை முறுக்கினால், அது மதர்போர்டின் அடுக்குகளைத் துளைத்துத் தடங்களை அறுக்கும், அல்லது மேல்மூடியில் புடைப்பை ஏற்படுத்தும். நன்றாக இயங்கிய மதர்போர்டு, மூடியை மீண்டும் பொருத்தியதால் பழுதாகும் அவலம் இப்படித்தான் நேர்கிறது. மாட்டும்போது எல்லாத் திருகுகளையும் முதலில் பாதி அளவுக்கு மட்டும் முறுக்கி, மூடி சரியாக அமர்ந்ததை உறுதிசெய்த பிறகு, எதிரெதிர் மூலைகளாக இறுக்குங்கள்.

வாங்கும் வரிசையைக் கேட்பவர்களுக்கு என் பரிந்துரை இது: எஸ்2 பிட்டுகள் அடங்கிய சிறிய நுண்வேலைப் பெட்டியும் மேசைக் கணினி இருந்தால் நீண்ட பிஎச் 2 ஸ்க்ரூடிரைவரும் முதலில், அவற்றுடனேயே பிளாஸ்டிக் பிக்குகள், ஸ்பட்ஜர், ட்வீசர், மணிக்கட்டுப் பட்டை. ஆல்கஹாலும் பேஸ்ட்டும் தேவை எழும்போது. மல்டிமீட்டரும் அடாப்டர்களும் பழுதைக் கண்டறியும் ஆர்வம் வந்த பிறகு. கருவிகள் கைக்கு வந்ததும் அன்றாடம் பயன்படுத்தும் இயந்திரத்தில் இறங்காமல், பயனற்றுக் கிடக்கும் பழைய மடிக்கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதை முழுவதுமாகப் பிரித்து, ஒரு திருகும் மிஞ்சாமல் மீண்டும் பொருத்திப் பாருங்கள். எந்தப் பிட் அடிக்கடி கைக்கு வருகிறது, எந்தக் கருவி பெட்டியிலேயே கிடக்கிறது என்பது அந்த ஒரு வேலையிலேயே தெரிந்துவிடும். அடுத்து வாங்க வேண்டியதை அதற்கேற்ப முடிவுசெய்யலாம்.